மலையின் பின்பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம்

எங்கள் ஊர் மாவட்டத் தலைநகராகிச் சில வருஷங்கள் கழித்துத்தான் மலை சுற்ற வரும் பௌர்ணமிக் கூட்டம் பெருக ஆரம்பித்தது. நான் அப்போது நகராட்சியில் உதவிப் பொறியாளர். எனக்குத் தெரிந்த வேலையெல்லாம் கால்வாயும் சிமெண்டு ரோடும்தான். டெண்டர் விடுவோம், காண்ட்ராக்டர் கட்டுவார், நான் டேப் பிடித்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதோடு அவருக்கும் எங்களுக்கும் இருந்த உறவு முடிந்துவிடும்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கிரிவலப் பாதையில் கழிப்பறைகளையும் குளியலறைகளையும் தனியார் கம்பெனியே கட்டி, பதினைந்து வருஷம் நடத்தி, பிறகு நம்மிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒரு வேலையை எங்கள் அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அதனால் என்னைச் சென்னைக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அங்கே எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்து எதிரெதிரே உட்கார வைத்தார்கள். ஒன்று கம்பெனி, இன்னொன்று அரசாங்கம். போர்வெல் வறண்டால் யார் பொறுப்பு, கட்டடம் விரிசல் விட்டால் யார் பொறுப்பு, ஜனம் வராவிட்டால் யார் பொறுப்பு என்று பேசி முடிக்க வேண்டும். நான் அரசாங்கக் கட்சி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாப் பொறுப்பையும் எங்கள் தலையில் ஏற்றிக்கொண்டு, சந்தோஷமாகக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். பயிற்சி நடத்திய அம்மா அதை வரி வரியாக எடுத்துக் காட்டியபோது எனக்குக் காதெல்லாம் சூடாகிப் போனது.

"நீங்க கட்டடம் வாங்கல, பதினஞ்சு வருஷத்துக்குச் சேவை வாங்குறீங்க" என்றார் அவர். "உங்க ஜனத்துக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெரியலன்னா, கம்பெனிக்கு எது வேணுமோ அதுதான் கிடைக்கும்."

நான் ஊருக்குத் திரும்பிய மாசமே கம்பெனியின் வரைவு ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. செங்கல் கனத்துக்கு இங்கிலீஷ். நகராட்சிக் கமிஷனர் அதைப் புரட்டிவிட்டு என் பக்கம் தள்ளினார். "இதை முழுசா எனக்குத் தமிழ்ல சொல்லுங்க. நீங்க சொல்லி எனக்குப் புரிஞ்சாதான் கையெழுத்து" என்றார். மூன்று வாரம் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடும். அதை நாலாக உடைத்து எழுதினால்தான் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியும். தண்ணீர் வராவிட்டால் கம்பெனி கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதையே அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் காலை, எழுதியதை எனக்கே படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனி கட்டப்போகும் ஏழு இடங்களின் பட்டியல் அது. இரண்டு கோயில் பக்கம், மற்ற ஐந்தும் செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்த துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். கிரிவலப் பாதையில் அவருக்கு எட்டு வருஷமாக வேலை.

"மலைக்குப் பின்பக்கம் ஒண்ணுமே இல்லீங்களே மேடம்?" என்றார்.

"அந்தப் பக்கம் கடை கம்மி அக்கா. ஜனங்க நிக்காம நடந்து போயிடுவாங்கனு கம்பெனியில சொல்றாங்க."

"நிக்க மாட்டாங்களா? மறுநாள் பெருக்குறது நானுங்க. எனக்குத் தெரியாதா? வர பௌர்ணமிக்கு என்கூட நடந்து வாங்க, காட்டுறேன்."

அந்தப் பௌர்ணமி மத்தியானமே கிளம்பினோம். சின்ன வயசிலிருந்து நான் எத்தனையோ முறை சுற்றிய மலைதான். அடி அண்ணாமலை தாண்டியதும் அவர் பாதையை விட்டு விலகி வேலிகாத்தான் முள்ளுக்குள் நுழைந்தார். உள்ளே கால்பட்டு வழவழவென்று ஆகியிருந்த ஒற்றையடித் தடம் ஒன்று போனது. அதன் கடைசியில் இரண்டு மரத்துக்கு நடுவே பழைய புடவை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். வெளியே ஒருத்தி காவல் நிற்க, பெண்கள் முறை வைத்து உள்ளே போய் வந்தார்கள்.

"வேன்ல வந்து கோயில்கிட்ட இறங்கி நடந்தா, இந்த இடம் வரைக்கும்தான் தாங்கும். மழை நாள்ல இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆயிடும்" என்றார்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயசான அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் தலையசைத்து மறுத்தார். "காலைல இருந்தே குடிக்கலம்மா. குடிச்சா எங்க போறது?"

நான் அந்த முள்ளுக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பெண்ணாக இருந்தும் எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. என்னோடு வந்தவரோ எந்த ஊர்க்காரர்கள் எந்த வளைவில் ஒதுங்குவார்கள், எங்கே குழந்தைகளை இறக்கி விடுவார்கள், எந்த மேட்டில் மழைத் தண்ணீர் நிற்காது என்று சொல்லிக்கொண்டே போனார். பெரிய பெரிய ஆய்வு வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சென்னையில் சொல்லிக் கொடுத்த அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தது. எட்டு வருஷத்தில் ஒருத்தர்கூட அவரிடம் கேட்கவில்லை. மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் கம்பெனி மேலாளர் வக்கீலோடு கமிஷனர் அறைக்கு வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். நான் என் தமிழ் நோட்டைப் பிரித்து, பின்பக்கத்தில் குறித்த மூன்று இடங்களையும் படித்தேன்.

"பின்பக்கம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது மேடம்" என்றார்.

"தனியா எடுத்தா ஆகாது சார். அதனால ஏழும் மூணும் சேர்த்து ஒரே ஒப்பந்தம். முன்பக்கம் வேணும்னா பின்பக்கமும் எடுத்துக்கணும். போர்வெல்லும் பைப்பும் எங்க பொறுப்பு. பௌர்ணமிக்கு முன்னாடி தொட்டி ரொப்பி வைக்கிறது உங்க பொறுப்பு. பூட்டிட்டுப் போறதுங்கற பேச்சே கூடாது."

கமிஷனர் ஆமோதித்துத் தலையை ஆட்டினார்.

"அங்க ஜனம் நிக்குதுனு எப்படிச் சொல்றீங்க?"

நான் அந்த அக்காவை உள்ளே கூப்பிட்டேன். அவர் மேலாளரை நேராகப் பார்த்து, "சார் கார்ல சுத்துனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நாளைக்கு நடந்து வாங்க."

மேலாளர் முதலில் சிரித்தார். ஆனால் மறுநாள் நிஜமாகவே வந்தார். அந்தப் புடவைத் திரைக்குப் பக்கத்தில் போனதும் பெண்கள் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். மனுஷன் பதறிப்போய் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர்கள் போய் முடிகிற வரைக்கும் வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு சட்டையெல்லாம் வியர்வையோடு என்னிடம் வந்து, "ஒரு வாரம் டைம் குடுங்க" என்றார்.

பேசிப் பேசி, பின்பக்கத்தில் இரண்டு கட்டடம் உடனே, மூன்றாவது இரண்டு வருஷம் பார்த்துவிட்டு என்று முடிவானது. உள்தாழ்ப்பாள்களை ஒவ்வொரு பௌர்ணமிக்கு முன்பும் சோதிக்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து சேர்த்தோம். அது அந்த அக்கா சொல்லி எழுதியது. வக்கீல் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

திறந்த பிறகு வந்த முதல் பௌர்ணமி சாயங்காலம், பின்பக்கத்துக் கட்டடத்தின் தொட்டியைப் பார்க்க ஏணியில் ஏறினேன். மலைக்குப் பின்னாலிருந்து நிலா கிளம்பிக்கொண்டிருந்தது. கீழே பாதை கண்ணுக்கு எட்டின மட்டும் தலைகளாக நகர்ந்தது. அதிலிருந்து பெண்கள் பிரிந்து வந்து, வரிசையில் நின்று, உள்ளே போய், முகம் கழுவிக்கொண்டு, முந்தானையால் துடைத்தபடி மறுபடி கூட்டத்தில் கலந்தார்கள். நான் எழுதிய சில வாக்கியங்கள் இத்தனை பேர் உடம்பைத் தொடுகின்றன என்பதை என்னால் நம்ப முடியவில்லை. இறங்க மனசில்லாமல் ஏணியிலேயே நின்றேன்.

இரண்டு வருஷம் முடிவதற்குள் கம்பெனியே மூன்றாவது கட்டடத்தைக் கேட்டு எழுதியது. இடம் பார்க்க அந்த மேலாளர் வந்தபோது அலுவலகத்துக்கு வரவில்லை. அந்த அக்கா பெருக்கிக்கொண்டிருந்த இடம் எது என்று விசாரித்து நேராக அங்கே போய், அவர் வேலை முடியும்வரை ஓரமாகக் காத்து நின்றாராம்.