வெளிச்சம் இருக்குதா?

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ். நண்பகல் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்த பெரியவர் ஒருவர், சாப்பிடத் தொடங்காமல் என்னிடம் கேட்டார்: "தம்பி, வெளிய வெளிச்சம் இருக்குதா?"

பார்வை இல்லாதவர் போலும் என்று நினைத்தேன். ஆனால் சோற்றில் கிடந்த சின்னக் கல்லை அவரே பொறுக்கி இலையோரம் வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இருக்குதே" என்றேன், வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவர் கை அசையவில்லை.

"நாங்க ஜெயின். இருட்டுனா சாப்புட மாட்டோம். கனடாவுல, குளிர்காலத்துல, வேலை முடிஞ்சு வந்தா கும்மிருட்டா இருக்கும். அப்ப இங்க விடிஞ்சிருக்கும். வீட்டுக்காரிக்குப் போன் போடுவேன். தாழ்ப்பாள் தெறக்குற சத்தம் கேக்கும். வெளிய போய்ப் பாத்துட்டு வந்து, 'வெளிச்சம் வந்துடுச்சி, சாப்புடுங்க'ன்னுவா. அவ வெளிச்சத்துலதான் அங்க சாப்டேன்."

"இப்ப அவங்க?"

"போய்ட்டா. இப்ப யாராச்சும் பாத்துட்டு வந்து சொன்னாத்தான் சோறு எறங்குது."

எழுந்து வாசல்வரை போனேன். கோட்டை மலைப் பாறைகளில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சொல்வதற்காகத் திரும்பினேன்.

அவர் கண்களை மூடிக்கொண்டு, என் காலடிச் சத்தம் திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.