கடற்கரையில் போட்ட நாலாவது இலை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்று எழுந்து போகிற ஆள் நான். சோமனூரில் ராப்பகலாகத் தறி ஓட்டியவனுக்குப் பேயைப் பார்க்க நேரம் ஏது? அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

தொண்ணூறுகளில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றுபோன ஒரு சமயம். மகள் நித்யாவுக்கு நாலு வயது, கடலையே பார்த்ததில்லை என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவளையும் மனைவி கோமதியையும் கூட்டிக்கொண்டு கோடியக்கரைப் பக்கம் போனேன். காட்டை ஒட்டிக் கடலோரமாகக் கூடாரம் போட்டுத் தங்க ஓர் இடம் இருந்தது. எங்களைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லை. காவலாளியும் அரிக்கேன் விளக்கைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் கிளம்பிவிட்டார்.

பொழுது சாயும் நேரம், கோமதி மூன்று இலை போட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்தாள். அப்போதுதான் மரத்தடியில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தோம். சேலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீன்பிடிக்கிற குடும்பமாக இருக்கும் என்று நினைத்தோம். எங்கள் ஊர்ப் பக்கம் எதிரில் ஆள் நிற்கும்போது கூப்பிடாமல் வாயில் சோறு வைக்க மாட்டோம், அது பழகிப்போன ஒன்று.

"ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க? வாங்க, வந்து ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள் கோமதி.

அவள் நகரவில்லை. கூச்சப்படுகிறாள் போல என்று கோமதியே நாலாவதாக ஓர் இலை போட்டுச் சோறும் வைத்தாள். நான் சொம்பை எடுக்கக் கூடாரத்துக்குள் குனிந்தேன், கோமதி ஊறுகாய் பாட்டிலைத் திறந்தாள், நம்பினால் நம்புங்கள், அவ்வளவு நேரம்தான். திரும்பினால் அந்தப் பெண்ணையும் காணோம், நித்யாவையும் காணோம்.

ஐயோ, அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வேன்! குழந்தை இடுப்பளவு தண்ணீரில் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் மேலே, பெரியவர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு போவது மாதிரி. பக்கத்தில் யாருமே இல்லை. பாய்ந்து தூக்கினேன். அவள் அழவில்லை, என்மேல்தான் கோபம்.

"உடுங்கப்பா! நம்ம சோத்தை அத்தை சாப்பிட்டாங்கல்ல? அவிங்க ஊட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க!"

கரைக்கு வந்து பார்த்தால் நாலாவது இலையில் ஒரு பருக்கை இல்லை. உண்டவர் தன் பக்கமாக மடிப்பது போல மடித்திருந்தது. விசேஷ வீட்டில் உறவு தொடர வேண்டும் என்று நாம் மடிப்பதுதான். கோமதி ஓவென்று அழுதுவிட்டாள். கூடாரத்தை அப்படியே போட்டுவிட்டு இருட்டுவதற்குள் ஊருக்குள் ஓடி வந்தோம்.

நித்யாவுக்கு இது எதுவும் நினைவில்லை. எங்கே போய் வந்தோம் என்றுகூட நாங்கள் அவளிடம் வாய் திறந்ததில்லை. பெருந்துறையில் கட்டிக்கொடுத்தோம், நன்றாக இருக்கிறாள். போன மாதம் போன் செய்து, மாப்பிள்ளையோடு கோடியக்கரைக்குப் போவதாகச் சொன்னாள். வேண்டாம் கண்ணு, அத்துவானக் காடு, அங்கே நமக்கு யாரைத் தெரியும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் சிரித்தாள்.

"ஏனுங்கப்பா இப்படிக் கேக்கறீங்க? அத்தை ஊடு அங்கதானுங்களே இருக்குது."