இடப்பக்கம்

அடுத்த அறையில் கணவன் தாண்டிக் குதிக்கும் கயிறு சிமெண்டுத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. டப், டப், டப். அடுப்படியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த விக்டோரியாவுக்கு அந்தத் தாளம் மனப்பாடம். நடுவில் ஒரு தட்டு தவறியது. அவள் கையிலிருந்த மீன் நழுவியது.

கிளைட்டன் சங்கு குளிப்பவன், குத்துச்சண்டையும் போடுவான். வயது இருபத்தாறு. உப்புத் தண்ணீருக்குள் கண் திறந்தே பழகியவன்; மூக்குக்கு நேரே குத்து வந்தாலும் இமைக்க மாட்டான். தெருவில் வம்புக்கு இழுத்தால் சிரித்துக்கொண்டே விலகுவான். "கோவப்பட்டா மூச்சுல்லா போயிரும்!" பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட, சண்டைக்கு நிற்பதுபோல இடது கால் முன்னால்தான் இருக்கும்.

தவக்காலத்திலிருந்து புதுப் பழக்கம் ஒன்று. எங்கே போனாலும் மனைவி இடப்பக்கம் வர வேண்டும். "பொண்டாட்டி இல்லாம நடக்கத் தெரியாதோ?" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். கடலாழத்தில் அவனது இடது காதுச் சவ்வு கிழிந்துபோனதும், வலது காதும் மந்தம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. யாராவது பேசினால் அவள் அவன் முழங்கையைத் தொடுவாள். அவன் திரும்பி, உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வான்.

"அந்தப் பக்கம் ஒரு குத்து விழுந்தா, ஆளே நிலைகொள்ளாம சாஞ்சிருவாரும்மா," என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

அன்று நாசரேத்துப் பயிற்சியாளர் பொன்னுதுரை, மாநிலப் போட்டிக்கான விண்ணப்பத் தாளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஜெயித்தால் அரசு வேலை. பிறகு கடலில் இறங்க வேண்டாம்.

விக்டோரியா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கணவனின் இடப்பக்கம் நின்றாள்.

"மூச்சு இருக்கு, கண்ணு இருக்கு, பொறுமையும் இருக்கு," என்றார் சார். "பயம் இருக்காலே? பயப்படுதவன்தான் கைய எறக்க மாட்டான்."

அவள் அவன் முழங்கையைத் தொட்டாள். "அத வீட்டுல வச்சிருக்கேன் சார்!" கிளைட்டன் அவளைக் காட்டிச் சிரித்தான்.

"ஒடம்புக்குக் கொற ஒண்ணும் இல்லையே?"

மறுபடி தொட்டாள்.

"ஒண்ணுமில்ல சார்."

"சரி. நாளைக்கே பேரக் குடுத்துருதேன்."

சார் எழுந்தார். கிளைட்டன் குனிந்து கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.

"வாரேன்லே, கிளைட்டா," என்றார் வாசலிலிருந்து.

விக்டோரியாவின் கை அவன் முழங்கையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

"ஏலே, வாரேன்னு சொல்லுதேன்லா!"

அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சார் அவளைப் பார்த்தார். கண்ணீர் முட்ட, அந்தக் கையை உயர்த்தித் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

விக்டோரியா கதவைச் சாத்திவிட்டு, அவனுடைய இடப்பக்கம் போய் நின்றாள்.