பக்கத்து ஷெட்டின் சாப்பாட்டு நேரம்

எங்கள் சேஃப்டி ஆபீசரின் மஞ்சள் ஹெல்மெட்டை உள்பக்கமாகப் பார்த்தவர்கள் கம்பெனியில் மூன்று நான்கு பேர்தான் இருப்போம். வெளியே கம்பெனி முத்திரையும் அவருடைய ரத்த வகையும் ஒழுங்காக ஒட்டியிருக்கும். உள்ளே தலை படுகிற இடமெல்லாம் ஸ்டிக்கர்கள். மண்டையோடு, மடக்கிய முஷ்டி, பிய்ந்துபோன பூட்ஸ் என்று படங்கள். ஜகார்த்தா, மணிலா, பினாங்கு, காத்மாண்டு, யாங்கூன் என்று ஊர்ப் பெயர்கள். எல்லாம் அந்தந்த ஊரில் பங்க் பாட்டுப் பாடுகிற கூட்டங்களுடையவை என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். இந்தோனேசியாக்காரர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இரண்டு காதுகளிலும் வளையம் போட்ட துளைகள் வரிசையாகத் தூர்ந்து கிடந்தன. கையில் பச்சை குத்தியது தெரியாமலிருக்க நாற்பத்தெட்டு டிகிரி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். ஊரில் அடங்காப்பிடாரியாகத் திரிந்தவர், ஷார்ஜா தொழில்பேட்டையில் நின்றுகொண்டு ‘கையுறை போடு, கண்ணாடி போடு’ என்று எங்களை அதட்டிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லி நான் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

நான் அங்கே டைம்கீப்பர். அறந்தாங்கிப் பக்கம். பாட்டென்றால் எனக்குப் புல்லாங்குழல் வேண்டும், நடுவில் வயலின் இழைய வேண்டும், கேட்டால் தூக்கம் வர வேண்டும். அவர் போட்டுக் காட்டிய பாட்டைக் கேட்டுவிட்டு, “இதற்கு நம் கிரைண்டர் மெஷினே தேவலை” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அதேதான், பாய்” என்றார், வளைகுடாவில் எல்லாரும் பேசுகிற அரைகுறை இந்தியில். மெஷினுக்கு நடுவில் வேலை செய்கிறவன் வேறு எப்படிப் பாடுவான் என்பது அவர் கேள்வி. நன்றாகப் பாடத் தெரிய வேண்டாம், மேடை வேண்டாம், தலைவர் வேண்டாம். கிதாரில் மூன்று கார்ட் பிடிக்கத் தெரிந்தால் போதும். பாட்டை நீயே எழுது, நீயே பதிவு செய், நகலெடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பு, அங்கே ஒருவன் தன் பாட்டை உனக்கு அனுப்புவான். அப்படித்தான் ஆசியா முழுக்க இது பரவியது என்றார். பாடி முடித்ததும் தெருவில் கிடப்பவர்களுக்குச் சமைத்துப் போடுவார்களாம். பாட்டுக்குப் பின்னால் அன்னதானமா என்று அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மரியாதை வந்தது.

அவர் ஒரு குழு சேர்த்தார். ஊருக்குப் போன பிலிப்பினோ ஒருவர் விட்டுச் சென்ற கிதார் அவர் கையில். சாரம் கட்டுகிற நேபாளி ஒருவர் காலி பெயிண்ட் டிரம்களை அடிப்பார். பாடுவது, கிரைண்டரில் இரும்பு தேய்க்கிற அரியலூர்க்காரர். பிரச்சினை, எங்கே வாசிப்பது என்பது. நாங்கள் தங்கும் கேம்ப் ரூமில் பத்துப் பேர் தூங்குவார்கள், பாதி கட்டிய கட்டடம் எதிலாவது வைத்தால் வாட்ச்மேன் வருவார். இவர் கண்டுபிடித்த வழியை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இரும்பு வேலை நடக்கிற எங்கள் ஷெட்டை ஒட்டித் தகரம் வெட்டுகிற கம்பெனி. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று. அவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. ஆகவே நாங்கள் மெஷினை நிறுத்துகிற அந்த ஒரு மணி நேரமும் பக்கத்தில் தகரம் கதறிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் இவர்கள் வாசிப்பார்கள். சுவர் தாண்டி ஒருவருக்கும் தெரியாது. உலகத்திலேயே பக்கத்து வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நம்பி நடந்த கச்சேரி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் சாப்பாட்டு டப்பாவோடு தள்ளி உட்கார்ந்து பார்ப்பேன். தள்ளி உட்காருவதுதான் என் சுபாவம். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். வளைகுடாவில் வாயை மூடிய பிள்ளைதான் பிழைக்கும் என்று நான் தீர்மானித்திருந்தேன். அந்த வருடம் அதற்குக் காரணமும் இருந்தது. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள விசாவுக்குக் கம்பெனிக் கடிதம் வேண்டும். டைப் செய்த கடிதம் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. ஐந்து வருடமாகப் போனில் வளர்ந்த மகள். “அப்பா, டிக்கெட் எப்ப?” என்பதைத் தவிர அவளுக்கு என்னிடம் பேச வேறு விஷயமே இல்லாமல் போயிருந்தது.

ஷெட்டு வாசலில் ஒரு தண்ணீர்க் கூலர். அதன் ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரில் பாசி வாடை அடிக்கும். வாரத்துக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பார். லீவு போடுகிறவர்கள் கணக்கு என்னிடம்தான் வரும் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். புகார்ப் பெட்டியில் மூன்று முறை எழுதிப் போட்டேன். மூன்றிலும் பெயர் எழுதவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் முறை எரிச்சலில் சேஃப்டி ஆபீசரிடம் புலம்பியபோது அவர், “குஸ்ஸா ஹை? தோ லிக்கோ” என்றார். கோபம் இருக்கிறதா, அப்படியானால் எழுது. புகார் அல்ல, பாட்டு. பாட்டில் யாரும் பேர் போட வேண்டியதில்லை என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஓவர்டைம் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.

கூலர்ல தண்ணியில்ல, கொளந்தான் இருக்கு
பாசி வந்தாச்சு, மீனுதான் பாக்கி
பில்டர மாத்து! பில்டர மாத்து!
ஏசி ரூம் மேனேஜரே, ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டு!

அரியலூர்க்காரர் அதைத் தொண்டை கிழியப் பாடினார். நான் எழுதியதை இன்னொருவர் கத்துவதைக் கேட்டபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. புல்லாங்குழல் எதுவும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு மதியம், கடைசி வரி நடக்கும்போது பக்கத்து ஷெட்டில் கரண்ட் போனது. தகரம் நின்றது. ‘ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டு’ மட்டும் தனியாகத் தொழில்பேட்டை முழுக்கக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வாசலில் மேனேஜர். லாரியில் அனுப்ப வேண்டிய இரும்பு ஃபிரேம் ஒன்றைப் பார்க்க வந்திருந்தார். பாலக்காட்டுக்காரர். தமிழ் எங்களைவிட நன்றாகத் தெரியும்.

“இது யாரு எழுதினது?” என்றார்.

அரியலூர்க்காரர் தரையைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்தது எனக்கு ஞாபகம் வந்தது; கூடவே மேஜைமேல் கிடக்கிற கடிதமும். அப்போது சேஃப்டி ஆபீசர் கிதாரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து, தான் எழுதியதாக இங்கிலீஷில் சொன்னார். தமிழில் ‘சாப்பாடு’, ‘ஏய்’ இரண்டையும் தவிர ஒரு வார்த்தை தெரியாத மனுஷன்.

“நீயா? அப்படின்னா அர்த்தம் சொல்லு” என்று மேனேஜரும் இங்கிலீஷுக்கு மாறினார்.

“லவ் சாங், சார்” என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

பின்னால் நேபாளிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்காக ஒருவர் தன் வேலையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார், நான் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்மேல் எனக்கு வந்த வெட்கத்தை இப்போதும் சொல்லக் கூசுகிறது. எழுந்தேன். டப்பாவைத் தரையில் வைத்தேன். “நான்தான் சார் எழுதினேன்” என்றேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “மூணு லெட்டர் போட்டதும் நீதானா?”

“ஆமா சார்.”

“பேரில்லாத லெட்டரை வச்சு நான் யார்கிட்ட போய்க் கேக்க?” என்றவர் கூலரிடம் போய் ஒரு டம்ளர் பிடித்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். குடிக்கவில்லை, மணலில் ஊற்றினார். “இது நாளைக்கு மாறும். ஆனா இந்தப் பாட்டு இனி இங்க வேண்டாம். கலாஸ், முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, வந்த வேலையையும் பார்க்காமல் காரில் ஏறிப் போனார்.

மறுநாள் ஃபில்டர் மாறியது. என் கடிதம் மாறவில்லை, அங்கேயே கிடந்தது. அந்த ஒரு மாதம் நான் தூங்கிய லட்சணம் எனக்குத்தான் தெரியும். சேஃப்டி ஆபீசர் தினமும் என் டைம் ஆபீஸ் ஜன்னலருகே வந்து ஒன்றும் கேட்காமல் ஒரு டீ வைத்துவிட்டுப் போவார். இருபத்தேழாம் நாள் ஆபீஸ் பையன் கடிதத்தைக் கொண்டுவந்தான். கையெழுத்து இருந்தது. மேனேஜர் வேண்டுமென்று தாமதித்தாரா, மறந்துபோனாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அவ்வளவுக்கு வாய் இன்னும் வளரவில்லை.

குழுவோ கலையவில்லை. எந்தக் கம்பெனிக்கு எப்போது சாப்பாடு என்று தொழில்பேட்டை முழுக்க விசாரித்து, ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பார்த்து, வேறொரு ஷெட்டைப் பிடித்தார்கள். ஒப்பந்தம் முடிந்து அவர் ஊருக்குப் போனார். இப்போது பழைய கூட்டாளிகளோடு வாரம் ஒருநாள் தெருவில் சோறு போடுகிறார், அவ்வப்போது போட்டோ வரும். காதில் வளையங்கள் திரும்பிவிட்டன. கூலர் பாட்டை அங்கே பையன்கள் அர்த்தம் தெரியாமல் பாடுகிறார்களாம். லவ் சாங் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாராம்.

நான் ஷார்ஜாவிலேயே முவைலா பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். மகள் என்னோடு இங்கிலீஷில் சண்டை போடுகிறாள், அந்த அளவுக்குப் பேச விஷயம் சேர்ந்துவிட்டது. கம்பெனி மாறி, இப்போது நான் கேம்ப் பாஸ்; தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பின் பொறுப்பு முழுக்க என் தலையில். சாவிக்கொத்தும் தொப்பையும் வந்துவிட்டன. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை கேம்ப் சமையலறைப் பக்கம் போனபோது உள்ளே தட்டைத் தட்டிப் பாட்டு. பங்க் என்ற சொல்லையே கேள்விப்பட்டிராத பையன்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஆறு அடுப்பில் ரெண்டு எரியல, கேட்டா நாளைக்கு, நாளைக்கு என்று போயிற்று பாட்டு. நான்கு முறை ‘நாளைக்கு’ சொன்னது நான்தான். நாலாவது வரியில் என் தொப்பை வந்தது, அதற்குள் என்னென்ன போயிருக்கும் என்ற ஆராய்ச்சியும்.

கதவைத் திறந்தேன். தட்டு நின்றது. “யார்ரா எழுதினது?” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சிக்காரப் பைப் ஃபிட்டர் ஒருவன், கையில் வெங்காயம், திரும்பிப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

“நான்தாண்ணே எழுதுனேன்” என்றான், மணி கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல. “நாலாவது வரிய வேணா எடுத்துடட்டுமா?”

“வேணாம். இருக்கட்டும்” என்றேன்.