அண்ணனின் படகில் தேங்கிய மழைநீர்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கு, எங்கள் அண்ணனைப் பற்றி உடன்பிறந்த தங்கை எழுதுவது. நல்லவர், வல்லவர் என்று நாலு வரி எழுதிக் கொடு, போதும் என்றார்கள். எனக்கு அது போதாது.

சாலவாக்கத்தை அடுத்த நம் ஊரில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு உத்திரமேரூரில் வெல்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போனார். பிறகு ஊரிலேயே சொந்தப் பட்டறை வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கட்டிக் கொடுத்தார். என் கணவர் இறந்ததும் திரும்ப அழைத்து வந்தார். "இது உன் வூடும்மா. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றார். சொன்னார்கள். அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் நம் தரைப்பாலம் மூழ்குவது உங்களுக்கே தெரியும். மனு கொடுத்துச் சலித்துப்போய், அண்ணனே இரும்புத் தகட்டில் ஒரு படகு செய்தார். "இன்னாப்பா, ஏரில கப்பல் வுடப் போறியா?" என்று டீக்கடையில் சிரித்தவர்களையும் அதில்தான் அக்கரை சேர்த்தார்.

படகைவிட, மழைக்கு அதை மூடும் கேன்வாஸுக்குத்தான் அதிகம் பாடுபட்டார். படகின் விளிம்பு நெடுக ஜாணுக்கு ஒரு துளை. புள்ளி அடித்து, முதலில் சின்ன பிட், பிறகு பெரிய பிட், நடுநடுவே எண்ணெய் விட்டு நிதானமாகத் துளைப்பார். கேன்வாஸ் கட்டும் கயிறு அறுந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு துளையின் பிசிறையும் அரத்தால் தேய்த்தார். அடியிலும் ஒரு துளை போட்டு அடைப்பான் வைத்தால் மழைத்தண்ணீர் போய்விடுமே என்று கேட்டேன்.

"விளிம்புல நூறு ஓட்டை போடுவேன், அடில ஒன்னு கூட போட மாட்டேன். எவனாவது மூட மறந்தா ஏறனவங்க கதி இன்னா?" என்றார். அடுத்தவர் மறதிக்கும் சேர்த்து யோசிக்கிற மனிதர் அவர்.

போன ஐப்பசியில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் களத்தில் குவிந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நெல் நனைகிறது என்றால் யார் வீட்டுத் தார்ப்பாயையும் எடுக்கலாம், இல்லையென்று சொல்லக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். அண்ணன் வேலையாகச் செங்கல்பட்டு போயிருந்தார். பெரியப்பா மகன் மூன்று பேரோடு வந்தார்.

"தங்கச்சி, நெல்லு முளைச்சிடும் போல கீது. அந்த கேன்வாஸ அவுத்துக்கினு போறோம். வெயில் வந்ததும் நாங்களே கட்டிடறோம்."

அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தின்பவள் என்று ஏற்கெனவே எனக்குப் பேர். மறுத்தால் அதற்கும் பேசுவீர்கள். ஏரிக்கரையில் கிடந்த படகுக்குப் போய் நானே முடிச்சுகளை அவிழ்த்துக் கொடுத்தேன். நாலு ஆம்பிளைகள் நின்றார்கள். படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தால் போதும். ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். திட்டுவாரே என்று பயந்து, திரும்பி வந்த அண்ணனிடமும் வாய் திறக்கவில்லை.

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. பாலம் முழுகிவிட்டது, ஆம்புலன்ஸ் அக்கரையில் நிற்கிறது. கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், படகு நிறையத் தண்ணீர், கனத்தில் சேற்றில் புதைந்து கிடக்கிறது. வாளி, குடம், சோற்றுப் பானை என்று கிடைத்ததை எடுத்து இறைத்தோம். பாவி மழை நிற்கவே இல்லை.

"கேன்வாஸ் எங்கம்மா?" என்றார் அண்ணன்.

"களத்துல கீதுண்ணா."

"நெல்லுக்கா? செரி, வுடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

படகு மிதக்கத் தொடங்கியபோது அவர் உயிரோடு இல்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

யார் அவிழ்த்தது, யார் அவிழ்த்தது என்று காரியத்தன்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அச்சிலேயே போட்டுவிட்டேன்.

அன்று கை ஓயத் தண்ணீர் இறைத்தவர்களுக்கும், அக்கரையில் நனைந்தபடி கடைசிவரை நின்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சமைத்துப் போட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி. "ஒரு மணி நெல்லு கூட நனையலம்மா" என்று பதினாறாம் நாள் எனக்கு ஆறுதல் சொன்ன பெரியப்பா மகனுக்கும் நன்றி.