ஆயில் ஊறிய வண்டி

இன்றைக்கும் வண்டி நின்றதும் யாராவது "ஏர் புடிச்சிருக்கும்ணே" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொன்ன ஆளை விடுங்கள், என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கும். ஒரு மாதம் முழுக்க அதையே சொல்லித் திரிந்தவன் நான்தான்.

என்னிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கமுள்ள நாற்றுப் பண்ணைகளிலிருந்து தக்காளி, மிளகாய் நாற்றுகளைக் குழித்தட்டுகளோடு ஏற்றிப் போய்த் தோட்டங்களில் இறக்குவது என் பிழைப்பு. அந்த மாதம் வண்டி மூன்று முறை வழியில் இருமி, விக்கி, நின்றது. மூன்று முறையும் வழக்கமான மெக்கானிக் ஃபோனிலேயே வைத்தியம் சொன்னார். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். ஃபில்டர் மேலுள்ள போல்ட்டைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டு, திரும்ப முறுக்கச் சொன்னார். முறுக்கினேன், ஓடியது. அவ்வளவுதான், எனக்குத் தலை கனத்துவிட்டது. டாக்டர்கள் குழல் மாட்டிக்கொள்வதுபோல நான் ஸ்பானரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அலைந்தேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் எஞ்சின் ஆயில் அளவுக் கோட்டுக்கு மேலே ஏறி நின்றது. டீக்கடையில் பெருமையாகச் சொன்னேன்: "எல்லாருக்கும் ஆயில் கொறையும். நம்ம வண்டிக்கு ஊறுது மாப்ள!" அது எப்படி ஊறும் என்று அங்கே ஒருத்தன் கேட்டிருக்கலாம். ஒருத்தனும் கேட்கவில்லை. அவர்கள் மேலும் எனக்கு இன்னும் கோபம்தான்.

அன்று ஏற்றியது அலங்காநல்லூர்ப் பக்கத்து அக்கா ஒருவருக்கு, கால் ஏக்கருக்கான தக்காளி நாற்று. திருப்பூரில் பத்து வருடம் பனியன் தைத்து ஒன்றரை ஏக்கர் வாங்கியவர். அவர் குடும்பத்தில் சொந்த நிலத்தில் நடும் முதல் ஆள் அவர்தான். நிலத்தோடு கூட்டுக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் வந்தது. அன்று பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை அவருடைய தண்ணீர் முறை. அதைவிட்டால் நாலு நாள் கழித்துத்தான் அடுத்த முறை. தட்டில் இருக்கும் நாற்று அந்த வெயிலில் நாலு நாள் தாங்காது. நடுவதற்கு எட்டுப் பெண்களையும் சொல்லி வைத்திருந்தார். "பத்து மணிக்கு வந்துருவேன்க்கா" என்று சொல்லியிருந்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் காளவாசல் சந்திப்பில், சிக்னல் பச்சையான நேரம் பார்த்து வண்டி நின்றது. பின்னால் பஸ்காரர் அடித்த ஹாரனில் என் காது இன்னும் சரியாகவில்லை. நாலு பேர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். தள்ளிய நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஏர் புடிச்சிருக்கும்."

"தெரியும்ணே, நானே எடுத்துருவேன்" என்று ஸ்பானரை உருவினேன். காற்றை வெளியே விட்டேன். முறுக்கினேன். சாவியைத் திருகினேன். திரும்பத் தளர்த்தினேன். பேட்டரி ஓய்ந்துபோகும் வரைக்கும் இதையே செய்தேன். இதில் ஒரு மணி நேரம் போனது. நாற்று வாடக் கூடாதென்று தார்ப்பாயை இழுத்து மூடிக் கட்டியும் வைத்தேன். அவ்வளவு அக்கறை!

அக்கா ஃபோனில் கூப்பிட்டார். "தம்பி, எங்க வாரீங்க?"

"காளவாசல்ல சின்ன வேலைக்கா. கவலப்படாதீங்க, நாத்த நல்லா மூடி வச்சிருக்கேன்."

"என்னத்த வச்சு?"

"தார்ப்பாய்தான்."

"அட கூறுகெட்ட மனுசா! இட்லியா அவிக்கிற? எடு அத மொதல்ல!"

அவிழ்த்தபோது உள்ளிருந்து வந்த ஆவியில் என் முகம் வெந்தது. ஓரத்து இரண்டு தட்டு நாற்றுகள் கழுத்தொடிந்து கிடந்தன. பக்கத்துக் கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் வாளித் தண்ணீர் வாங்கித் தெளித்துக்கொண்டே என் மெக்கானிக்கைத் திட்டினேன். ஃபோனை அவர் எடுக்காததால் திட்டுவதற்கு வசதியாக இருந்தது.

கரும்புச்சாறுக்காரர் கூப்பிட்டு, சந்துக்குள் பட்டறை வைத்திருந்த வேறொரு மெக்கானிக் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பேசவே காசு கேட்பார் போலிருந்தது. நான் சொன்ன நோய் வரலாற்றைக் காதிலேயே வாங்கவில்லை. வேறொரு பேட்டரியை இணைத்து, எஞ்சின் பக்கவாட்டில் இருந்த உள்ளங்கையளவு பம்பின் குழாயைக் கழற்றி, "அடிங்கண்ணே" என்றார். சாவியைத் திருகினேன். குழாயில் டீசல் பீச்சியடிக்க வேண்டும். மூக்கொழுகுகிற மாதிரி இரண்டு சொட்டு விழுந்தது.

அடுத்து ஒரு கேனில் டீசல் நிரப்பி வண்டியின் கூரைமேல் வைத்து, அதிலிருந்து ட்யூபை நேராக ஃபில்டருக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவதுபோல. எஞ்சின் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது.

"இப்ப ஏர் எங்கண்ணே போச்சு?" என்றார். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் அந்தச் சின்னப் பம்ப்தான் செத்திருக்கிறது.

"அம்புட்டுத்தானே! இப்படியே குளுக்கோஸோட போறேன், நேரமாச்சு" என்றேன்.

அவர் எஞ்சினை அணைத்தார். ஆயில் குச்சியை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாருங்க."

டீசல் நாற்றம். பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்து, டீசல் எஞ்சின் வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது. ஊறிய ஆயிலின் ரகசியம் அதுதான். "தண்ணியா கெடக்கு. இதுல ஓட்டுனீங்கன்னா எஞ்சின் ஜாம் ஆயிரும். எத்தன நாளா கூடுது?"

"ஒரு மாசமா" என்றேன். பெருமைப்பட்டதைச் சொல்லவில்லை.

"சாவியக் குடுய்யா, அங்க நாத்து சாகுது!" என்று கத்தினேன். அவர் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எஞ்சின் செத்தா நாத்த தலையில சொமந்துட்டுப் போவீங்களா? பம்ப வாங்கிட்டு வாங்க."

வெறியில் ஆட்டோ பிடித்து ஸ்பேர்ஸ் கடைக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்தவர் முதல் கேள்வியாக, "பழசு எங்க?" என்றார்.

"வண்டியில இருக்கு. ஃபோட்டோ இருக்கு, பாருங்க."

"ஃபோட்டோவ மாட்டி ஓட்டுவீங்களா?"

அவரோடு ஒரு சண்டை போட்டு, ஜெயித்து, புதுப் பம்போடு திரும்பினேன். எஞ்சினுக்குள் நீளும் அதன் நாக்கு ஒரு விரல்கடை குட்டை. வேறு மாடலுக்கு உள்ளது. மெக்கானிக் பழைய பம்பைக் கழற்றி என் கையில் வைத்தார். டீசல் ஒழுக ஒழுக அதைக் கொண்டுபோய் அந்தக் கவுண்டரில் வைத்தேன். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்" என்று பணிவாகச் சொன்னார். பணிவாகச் சொல்லும் ஆளை அடிக்கவும் முடியாது.

புதுப் பேக்கிங் வைத்துப் பம்பைப் பூட்டி, ஆயிலை மாற்றி, கையால் அழுத்தி அழுத்தி டீசலை மேலேற்றி, வண்டி கிளம்பியபோது மணி இரண்டாகப் போகிறது.

தோட்டத்தில் நுழையும்போது இரண்டு நாற்பது. அக்கா என்னைத் திட்டவில்லை. பதினோரு மணியிலிருந்து வெறும் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சி ஈரம் காத்து வைத்திருந்தார். பெண்கள் தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். குனிந்த முதுகுகள் நிமிரவேயில்லை. மூன்று மணிக்கு மோட்டார் நின்றது. கடைசி நாலு பாத்திக்கு மட்டும் நட்டபின் விட வேண்டிய தண்ணீர் போகவில்லை.

அடுத்த முறைக்காரர் மோட்டார் கொட்டகை வாசலில் துண்டோடு நின்றார். நான் பாய்ந்தேன். "பத்து நிமிசம் விட்டா ஒங்க கரும்பு செத்தா போகும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பேசாத. இந்தக் கெணத்து மேட்டுல எங்க அய்யா அடுத்தவுக காட்டுக்குத் தண்ணி கட்டுனாரு. ஒரு செம்பு குடிக்கணும்னாலும் கேட்டுட்டு நிப்பாரு. நான் என் மொறைக்கு மட்டுந்தான் எடுப்பேன். ஒரு நிமிசம் கூடக் கேக்க மாட்டேன்."

நான் தாமதமாக்கியது எதை என்று அப்போதுதான் உறைத்தது. என் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போயிற்று.

"வண்டி ஓடுதுல்ல?" என்றார். "ஊர்க் குழாயில தண்ணி வருது. கொடத்த ஏத்து."

இருபது குடங்களோடு எட்டுப் பெண்களும் ஏறினார்கள். வரப்போரப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்தேன். ஒவ்வொரு குழிக்கும் பின்னாலிருந்து ஒரு வசவு வந்தது. பாதித் தண்ணீர் அவர்கள் சேலையில், மீதி பாத்தியில். நாலு நடை அடித்தோம். பம்பைக் குறை சொல்ல முடியாது, ஒருமுறைகூட விக்கவில்லை.

கடைசிப் பாத்தியில் நானும் ஒரு குடத்தோடு குனிந்திருந்தேன். அக்கா அடுத்த வரிசையில் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மொளகா நாத்துக்கு வேற வண்டி சொல்லிட்டேன் தம்பி."

"சரிக்கா" என்றேன். இன்னும் ஏழு செடி பாக்கி இருந்தது.