காதைப் பொத்துகிற பிள்ளை

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துக் காட்டுவது என் வேலை. சீசனுக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகள் வருவார்கள். எந்தச் சரக்கையும் வெடித்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள். ஏழாயிரம்பண்ணை தாண்டி, வேலை நடக்கிற செட்டுகளெல்லாம் முடிகிற இடத்தில் ஒரு பொட்டல் இருக்கிறது. அவர்களைத் தூரத்தில் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் ஊதுபத்தியோடு நடந்து போவேன். குனிந்து திரியில் வைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் வருவேன். ஓடக் கூடாது. வெடிக்கிறவனே ஓடினால் வாங்குகிறவன் எப்படி வாங்குவான் என்பார் முதலாளி. இத்தனை வருஷத்தில் என் வலது காது பாதி போய்விட்டது. வீட்டில் நான் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று என் மனைவி சொல்வாள். டிவியும் அந்த அளவுக்குத்தான் அலறும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மகளுக்கு என்ன குறை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் விடை என் கண் முன்னால்தான் இருந்தது. நான் அதற்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று ஒரு நாள் மட்டும்தான் கம்பெனிக்குள் பிள்ளை குட்டிகளை விடுவார்கள். சாமி கும்பிட்டு, பொரிகடலை கொடுத்து முடித்ததும் பொட்டலில் ஒரு பெரிய சரவெடியும் நாலைந்து அணுகுண்டும் போடுவது வழக்கம். மகளுக்கு அப்போது பத்து மாசம். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வேறு ஒருவன் பற்ற வைத்தான். முதல் வெடிக்கே கைப்பிள்ளைகள் அத்தனையும் வீறிட்டன. ஒருத்தி பிள்ளையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள். என் மகள் இமைகூட அசைக்கவில்லை. வாயோரம் வடிந்த எச்சில் என் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது.

முதலாளி நின்று பார்த்தார். "ஏலே, வெடிக்காரன் ரத்தம்னா இதுதாம்லே. பாரு, கண்ணு முழிக்கல" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பெனி வேனில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன். அவளுக்கு ஒரு வயது ஆவதற்குள் எங்கள் ஊரில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது.

என் மனைவிக்கு மட்டும் அந்தக் கதை பிடிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் கை தவறி எவர்சில்வர் தாம்பாளம் தரையில் விழுந்து உருண்டிருக்கிறது. அடுப்படியில் படுத்திருந்த பூனை தெறித்து ஓடியது. முதுகு காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை திரும்பவில்லை. நான் வேலை முடிந்து வந்து கைகால் கழுவும்போது மனைவி வந்து நின்றாள்.

"மச்சான், பிள்ளைக்குக் காது கேக்குதான்னு ஒரு எட்டு காட்டிட்டு வருவமா?"

"வெடிச் சத்தத்துக்கே அசையாதவ தட்டுச் சத்தத்துக்கா திரும்பப் போறா? சும்மா கெட புள்ள."

ஒரு மாசம் கழித்து மறுபடியும் கேட்டாள். அதற்கும் இதையேதான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பேச்சில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது என்று நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

பிள்ளைக்கு இரண்டு வயது வந்தது. பேச்சு வரவில்லை. அந்த வருஷம் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வழக்கம்போல என்னைத்தான் வேட்டுப் போடக் கூப்பிட்டார்கள். ஊரில் நல்லது கெட்டது எதற்கு வேட்டு என்றாலும் நான்தான் போக வேண்டும். கோயில் முன்னால் இடத்தை ஒதுக்கி, ஊதுபத்தியோடு குனிந்தேன். சுற்றி நின்ற சனம் முழுதும் காதைப் பொத்தியது. மனைவியின் இடுப்பில் இருந்த என் மகளும் இரண்டு உள்ளங்கையையும் காதில் வைத்து அழுத்திப் பொத்திக்கொண்டாள். வெடி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் மனைவியைப் பார்த்து, "பாத்தியா? இப்ப என்ன சொல்லுத?" என்று கத்தினேன். அவள் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நம்பத்தான் ஆசை. அன்றோடு காதுப் பேச்சை இருவரும் மூட்டை கட்டி வைத்தோம்.

அதற்கப்புறம் தொடங்கியது எங்கள் ஆஸ்பத்திரி வாழ்க்கை. மூன்று வயதில் ஒரு டாக்டர் நாக்கு ஒட்டியிருக்கிறது என்றார். நாக்குக்கு அடியில் சின்னதாக வெட்டி விட்டார். இரண்டு நாள் அவள் குடித்த பாலில் ரத்தம் கலந்தது, பேச்சு வரவில்லை. மாவிளக்கு எடுத்தோம். சொந்தக்காரர்கள் சொன்ன இடத்தில் எல்லாம் தாயத்து கட்டினோம். சிவகாசியில் ஒரு குழந்தை டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்று படீரென்று கை தட்டினார். அவள் திரும்பினாள். அவர் கை தட்டப் போகிறார் என்று என் கண் அவர் பக்கம் போனதை, எதிரில் இருந்த அவள் பார்த்துவிட்டாள் என்பது இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது. அவள் எப்போதும் எங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் போகிற பக்கம் போனாள்.

மதுரைக்குப் போய் மூளையை ஸ்கேன் எடுத்தோம். மூளையில் ஒன்றுமில்லை என்றார்கள். சந்தோஷமாக பஸ் ஏறினோம். திருமங்கலம் தாண்டுவதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது. மூளையில் ஒன்றுமில்லை என்றால் பிள்ளை ஏன் இப்படி இருக்கிறாள்? இன்னொரு டாக்டர், பேர் சொன்னால் திரும்பவில்லை, தனியாக விளையாடுகிறாள், ஆட்டிசமாக இருக்கலாம் என்றார். ஒரு பயிற்சி மையத்தில் எட்டு மாசம் கட்டை அடுக்க வைத்தார்கள். அவள் அழகாக அடுக்கினாள்.

போன இடத்தில் எல்லாம் ஒரு கேள்வி வந்தது, காது எப்படி என்று. மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன்: "காது பிரமாதமா கேக்கும் சார். வெடி போட்டாப் பொத்திக்கிடுவா." அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? பட்டாசு ஊரில் இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? அதிலும் சொல்கிறவன் வெடிக்காரன்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். நாலு மாசத்தில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மகளின் நோட்டு இரண்டை என் முன்னால் விரித்தார். ஒன்றில் கரும்பலகையைப் பார்த்து எழுதியது, முத்து முத்தாக இருந்தது. இன்னொன்றில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுத வேண்டியது. அதில் பக்கத்துப் பிள்ளையின் தப்பு அப்படியே இருந்தது. காது பரிசோதனை செய்து பாருங்கள் என்றார். என் பிள்ளையைச் செவிடு என்கிறீர்களா என்று நான் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன். ஆயுத பூஜைக் கதை, பொங்கல் கதை இரண்டையும் சொன்னேன். நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"உங்க மகளுக்கு மந்தம் இல்லங்க. கெட்டிக்காரி. நாங்க பேசுறதுதான் அவகிட்டப் போய்ச் சேரல" என்றார். ஒரு தாளில் விருதுநகரில் எங்கே போக வேண்டும் என்று எழுதினார். தாளை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. மனைவி வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற அறையில் ஒரு சின்ன வயதுப் பெண் இருந்தார். கல்லூரி முடித்து ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அத்தை மகள் என்றேன். எழுதிக்கொண்டார். கைப்பிள்ளையாக இருந்தபோது பெரிய சத்தத்துக்குத் திடுக்கிட்டு அழுவாளா என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இல்லம்மா" என்றாள் மனைவி. "அதத்தான் எங்க வீட்ல பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தோம்."

நான் விடவில்லை. பொங்கல் அன்று காதைப் பொத்தியதைச் சொன்னேன். அதற்குப் பின் இந்த நாலு வருஷத்தில் நான் வேட்டுப் போட்ட ஒவ்வொரு தடவையும் பொத்தியதைச் சொன்னேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். வெளியே நடைபாதைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "வெடி வைக்கிற மாதிரி சும்மா செஞ்சு காட்டுங்க. சத்தம் எதுவும் வேண்டாம்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் செய்தேன். சட்டைப்பையில் இருந்த பேனாவை ஊதுபத்தி மாதிரி பிடித்துக்கொண்டு நடந்து போய், ஆஸ்பத்திரித் தரையில் குனிந்து, இல்லாத திரியில் வைத்துவிட்டு, நாலு எட்டு பின்னால் வந்து திரும்பினேன்.

என் மகள் இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்தியிருந்தாள். முகம் முழுதும் சிரிப்பு. அங்கே வெடி இல்லை, புகை இல்லை. ஒரு வார்டு பாய் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெடித்து முடிந்தால் சனங்கள் கையை எடுப்பார்களே, அந்த அளவு நேரம் பொறுத்திருந்து அவளும் கையை எடுத்தாள். எடுத்துவிட்டு, எல்லோரையும் போலக் கை தட்டினாள்.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் எனக்கு எந்த டெஸ்டும் தேவைப்படவில்லை. இருந்தாலும் எடுத்தார்கள். தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, பெரா டெஸ்ட் என்று ஒன்று. எவ்வளவு சத்தம் கூட்டினாலும் உள்ளே ஒன்றும் போகவில்லை. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை என்றார் டாக்டர். என் வெடிச் சத்தத்தால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது, பிறவிக்கோளாறு என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் கம்பெனியைத் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் போனது.

"ஒரு வயசுல கொண்டுவந்திருந்தா ஆபரேஷன் செஞ்சு பேச வச்சிருக்கலாம்" என்றார். "இப்ப செஞ்சாலும் பெரிசா பலன் இருக்கும்னு என்னால சொல்ல முடியல."

பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் தூங்கினாள். மருந்தின் மயக்கம் இன்னும் தெளியவில்லை. மனைவி திட்டுவாள், மாரில் அடித்து அழுவாள் என்று பயந்துகொண்டே வந்தேன். சாத்தூரில் இறங்கி எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, சேலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் சொன்னேன் மச்சான்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டினால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். என் வீறாப்பு என் பிள்ளையின் பேச்சைத் தின்றுவிட்டது. இதை எந்த டீக்கடையிலும் நான் சொன்னதில்லை.

காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினோம். அரை நாளில் கழற்றி என் கையில் கொடுத்துவிடுவாள். போன ஜூனில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில், விடுதியோடு சேர்த்தோம். கையால் பேசக் கற்றுக் கொடுக்கிறார்கள். விட்டுவிட்டு வரும்போது அவள் அழவில்லை, நான்தான் கேட்டுக்கு வெளியே நின்று அழுதேன். வேலையை விடவில்லை. எனக்கு வேறு என்ன தெரியும்? திரியில் வைத்துவிட்டு நாலு எட்டு பின்னால் வரும்போது மட்டும், முன்னைப் போல நெஞ்சு நிமிர்வதில்லை.

விடுதியில் சேர்த்து ஒரு மாசம் போயிருக்கும். விடுதி டீச்சர் போன் செய்தார். சாயங்காலம் ஆனால் பிள்ளை வாசல் கேட் பக்கம் வந்து நின்று காதைப் பொத்துகிறாள், தினமும் செய்கிறாள், காது வலியாக இருக்குமோ, வந்து டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். இன்னும் என்ன பாக்கி இருக்கிறது? மனைவி வேலைக்குப் போயிருந்தாள். சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பக்கத்து ஊர்க்காரர்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்தார்கள். மகள் முற்றத்தில் நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையை அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை மகளைப் பார்த்து இல்லாத மீசையை முறுக்கிக் காட்டியது. அப்பா என்பதற்கு அங்கே கற்றுக் கொடுத்திருக்கிற சைகை அதுதான் என்றார் டீச்சர். உங்கள் மகள் மற்றதை எல்லாம் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறாள், இதை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறாள் என்றார்.

மகள் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னாள். இரண்டு உள்ளங்கையையும் காதில் வைத்து அழுத்திப் பொத்தினாள். பிறகு ஒரு கையை எடுத்து, பஸ் வருகிற ரோட்டைக் காட்டினாள்.

"இதத்தான் சொன்னேன்" என்றார் டீச்சர். "வலி இல்லாம இப்படிச் செய்வாளா?"

"வலி இல்ல டீச்சர். என்னைத்தான் கூப்பிடுதா" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. எத்தனை நாளாக இப்படிச் செய்கிறாள் என்று கேட்டார்.

"ரெண்டு வயசுலேருந்து" என்றேன்.